சாம்பாரைச் சோதிக்கலாம், சமைத்தவரின் தெருவை அல்ல

பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அந்த அக்கா, அதற்கு முன் பத்து ஆண்டுகள் காலனிக்குள் தன் வீட்டுத் திண்ணையிலேயே விற்றவர். அப்போது எந்த அதிகாரியும் அவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்ததில்லை. வண்டியை ஊர் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்த மூன்றாவது மாதமே 'சுத்தமில்லாத சாப்பாடு விற்கிறார்' என்று புகார் போய்விட்டது. ஒரு காலையில் ஜீப்பில் இருவர் வந்து இறங்கினார்கள். சட்னியைச் சாக்கடையில் கொட்டினார்கள். இனி இங்கே கடை போடக் கூடாது என்றார்கள். இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ரசீது இல்லை. எந்தத் துறை என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. "ஆபீசர்னு சொன்னாங்க, குடுத்துட்டேன் தம்பி" என்றார் என்னிடம்.

அதே நிறுத்தத்தில் இன்னும் மூன்று கடைகள் இருக்கின்றன. அவற்றின் சட்னி மட்டும் எப்படித் தப்பியது என்று நான் கேட்கப் போவதில்லை, வாசகர்களுக்கே தெரியும். தீண்டாமை இப்போது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை, சுத்தம் என்ற பெயரில் வருகிறது. 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்துச் சத்துணவு சமையலர் சமைக்கக் கூடாது என்று ஊரார் திரண்டதும், அதிகாரிகள் அவரை இடம் மாற்றியதும், போராட்டத்துக்குப் பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும்.

அந்தக் காலையில் வந்தவர்களுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம். அப்போதைய ஃபுட் இன்ஸ்பெக்டர்தான் இன்றைய உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவருக்கு மேலே மாவட்ட நியமன அலுவலர், மாநிலம் முழுமைக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையர்.

அலுவலரின் அதிகாரங்களைச் சொல்வது 38-ஆவது பிரிவு. உணவு தயாரிக்கும், சேமிக்கும், விற்கும் எந்த இடத்துக்குள்ளும் அவர் நுழைந்து பார்க்கலாம். மாதிரி எடுக்கலாம். சட்டத்துக்கு முரணாகத் தோன்றும் உணவைப் பறிமுதல் செய்யலாம். பெரிய அதிகாரம்தான், மறுப்பதற்கில்லை. அவரை உள்ளே விடாமல் தடுப்பதும் குற்றம். ஆனால் அதே பிரிவும் அடுத்து வரும் பிரிவுகளும் அவர் கையை எங்கெல்லாம் கட்டிப்போடுகின்றன என்பதைத்தான் நம் மக்களுக்கு யாரும் சொல்வதில்லை.

மாதிரி எடுத்தால் வழக்கமான விற்பனை விலையை அவர் கொடுத்தாக வேண்டும். ஆமாம், அதிகாரி காசு கொடுக்க வேண்டும்! பகுப்பாய்வுக்கு அனுப்பப்போவதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிட்டு, கடைக்காரரின் கையெழுத்தோ கைரேகையோ பெற வேண்டும். ஒரு பகுதி அரசுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். கடைக்காரர் கேட்டால், அவர் செலவில், இன்னொரு பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கும் அனுப்ப வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சரி, சட்னியைக் கொட்டியது? பறிமுதல் செய்த பொருள் கெட்டுப்போய் உண்ணத் தகாததாகிவிட்டது என்று அலுவலர் உறுதிகொண்டால் அழிக்கலாம். அதற்கும் முதலில் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். கடையை மூடச் சொல்வது அவர் வேலையே அல்ல. குறை இருந்தால் நியமன அலுவலர் மேம்பாட்டு அறிவிப்பு தர வேண்டும். சரிசெய்ய 14 நாட்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்றால் உடனே நிறுத்திவைக்கலாம், அப்போதும் காரணத்தை எழுதியாக வேண்டும். வழக்கை விசாரித்து அபராதம் விதிப்பவர் தீர்ப்பு அலுவலர், நம் மாநிலத்தில் மாவட்ட வருவாய் அலுவலர். தள்ளுவண்டிக்காரர் போன்ற சிறு வியாபாரிகளிடம் சமரசத் தொகை பெற்று விவகாரத்தை முடிக்கும் அதிகாரத்தையும் நியமன அலுவலருக்குத்தான் சட்டம் வைத்திருக்கிறது. ஜீப்பில் வந்தவர் ரசீதில்லாமல் வாங்கிய பணத்துக்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு.

நியாயமான காரணமின்றித் தொல்லை தரும் நோக்கில் பறிமுதல் செய்யும் அலுவலருக்கு 39-ஆவது பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அலுவலர்மீது பொய்ப் புகார் கொடுப்பவருக்கும் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் உண்டு. ஆகவே ஆதாரத்தோடு எழுதுங்கள்.

அலுவலரை ஏவிவிட்டவரை இந்தச் சட்டம் தொடுவதில்லை. அவரைத் தொடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஒருவர் பொது ஊழியருக்குப் பொய்யான அல்லது அற்பமான தகவல் கொடுத்து, அந்த ஊழியர் தன் அதிகாரத்தைப் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கு எதிராகப் பயன்படுத்தும்படி செய்து, தீங்கோ தொல்லையோ விளைவித்தால் அது 3(1)(கியூ) பிரிவின்கீழ் குற்றம். தொழிலோ வியாபாரமோ செய்ய விடாமல் தடுப்பது 3(1)(இசட்-ஏ) பிரிவில் வருகிறது. பொது இடத்தில் எல்லோருக்குமான பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போய்ப் பயனில்லை. குவளை கழுவப்பட்டிருக்கிறதா என்று அவர் பார்ப்பார். யாருக்கு எந்தக் குவளை என்பது அவர் சட்டத்தில் இல்லை. அதற்குக் காவல் நிலையம்.

மாட்டிறைச்சிக் கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது. உணவுத் தர விதிமுறைகளோ இறைச்சிக்கான விலங்குகளின் பட்டியலில் ஆடு, பன்றியோடு மாட்டினத்தையும் ஒரே வரிசையில் வைத்திருக்கின்றன. கடையில் ஈ மொய்த்தால் அலுவலர் கேட்கலாம். ஏன் மாட்டிறைச்சி என்று கேட்க முடியாது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். அக்கா பதிவுச் சான்று வாங்கியிருக்கவில்லை. 2011 விதிமுறைகள் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்காதவர்களுக்கு வைத்த பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். தண்ணீர் டிரம்முக்கு மூடி இல்லை. வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2018 விதிமுறைகள் அதைத் தடை செய்துவிட்டன (இந்தப் பத்திரிகையும் அதில் அடக்கம்). மூன்றையும் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. கணினியில் பதிவு செய்து கொடுத்தது அவர் தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். நுண்ணுயிரியல் மாணவி. பட்டப்படிப்பு முடித்தால் இந்த அலுவலர் பணிக்கே விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் ஆய்வுக்கு வந்தார்கள். இந்த முறை வேறு ஒருவர். அக்கா சான்றைக் காட்டினார். மிளகாய்த்தூளில் மாதிரி எடுத்தார், நான்கு உறையிலும் அக்கா கைரேகை வைத்தார். "நோட்டீசும் காசும் குடுங்க சார்" என்று கேட்டபோது கை நடுங்கியதாகச் சொன்னார். அலுவலர் ஒன்றும் பேசவில்லை, இரண்டையும் கொடுத்தார். அறிக்கையில் குறை எதுவும் இல்லை.

முதல் புகார் கொடுத்தவர்மீது மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்கா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. புகார் கொடுத்தவர் யாரென்று அவருக்குத் தெரியும். தினமும் காலையில் அவர் கடையைத் தாண்டித்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். "இருக்கட்டும் தம்பி, பாத்துக்கலாம்" என்று பதிவுச் சான்றோடு சேர்த்து அதையும் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருக்கிறார்.