பழைய லாரி ஒயரிங்கில் மர்ம உருளை

நாமக்கல் லாரிப் பட்டறை ஒன்றில், பழைய 24 வோல்ட் லாரியின் ஒயரிங்கில் டேப் சுற்றிய சின்ன உருளை ஒன்று இருந்தது. இரண்டே கால்கள், எழுத்து எதுவும் இல்லை. "பியூஸுங்க சார், வெட்டிட்டு ஒயரை முறுக்கி விட்றலாங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

பேட்டரியைக் கழற்றி, உருளையைத் தனியே எடுத்தேன். கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். பார்க்கும் அதே மல்டிமீட்டர்தான். டயோடு நிலையில் வைத்தேன். ஒருபுறம் 0.55 காட்டியது, முனைகளை மாற்றினால் ஓ.எல். பியூஸ் என்றால் இருபுறமும் ஏறக்குறைய பூஜ்யம் காட்டியிருக்கும். ஆக, இது டயோடு.

அதன் ஒயர்கள் சென்ற இடம் ரிலேயின் 85, 86 எண் கால்கள், அதாவது காயில். ரிலே அணையும்போது காயிலில் எழும் உயர் மின்னழுத்தத்தை டயோடு அடக்குகிறது. அந்த இடத்தில் ஒயரை முறுக்கியிருந்தால் ஸ்விட்ச் போட்டதும் நேரடி ஷார்ட்! புதிய டயோடு போடும்போது கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கட்டும். தலைகீழாக மாட்டினாலும் ஷார்ட்தான்.