ஆவடியிலிருந்து ஜெர்மனிக்கு: போகும் பணம், முடங்கும் பணம்

"ஜெர்மனியில ஃபீஸ் கிடையாதுப்பா." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் பேச்சைத் தொடங்குவது இப்படித்தான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இது சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது.

2022-23 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் 42,997 பேர். அடுத்த ஆண்டே அது 49,483 ஆனது. அயல்நாட்டு மாணவர்களில் இந்தியர்களுக்கே முதலிடம். அந்த வரிசையில் நிற்க ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு புரட்ட வேண்டும்? ஒரே தொகையாகச் சொன்னால் கணக்கு பிசகும். திரும்பாத பணம், முடங்கும் பணம், முதல் மாதப் பணம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம். யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

திரும்பாத பணம்

பாஸ்போர்ட், 36 பக்கம்: ரூ. 1,500
ஐஇஎல்டிஎஸ் தேர்வு: சுமார் ரூ. 18,000
ஏபிஎஸ் சான்றிதழ்: ரூ. 18,000
யூனி-அசிஸ்ட் வழியாக 6 விண்ணப்பம்: 225 யூரோ, ரூ. 22,500
தேசிய விசா: 75 யூரோ, ரூ. 7,500
கூட்டுத்தொகை: ரூ. 67,500

பாஸ்போர்ட்டுக்குச் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய சேவை மையங்களில் ஒன்றுக்குப் போகலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரி 1 முதல் ஆவடி போலீஸ் கமிஷனரகத்தின் கீழ் இருப்பதால் போலீஸ் விசாரணை அந்த வழியாக வரும். ஏபிஎஸ் என்பது நம் மதிப்பெண் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஜெர்மன் அலுவலகத்தின் சான்று. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும் என்பதால் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பதில் லாபமில்லை.

இந்தப் பட்டியலில் நம் கையில் இருப்பது விண்ணப்ப எண்ணிக்கை மட்டுமே. விண்ணப்பங்களை வாங்கிப் பல்கலைகளுக்கு அனுப்பும் சேவையான யூனி-அசிஸ்ட்டில் முதல் பல்கலைக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. 6 என்பதை 12 ஆக்கினால் 405 யூரோ. கூடுதல் செலவு ரூ. 18,000. அப்படிப் பெருக்குவதற்கு முன் காசில்லாத ஒரு கணக்கு இருக்கிறது. நம் சிஜிபிஏ ஜெர்மன் அளவுக்கு மாறும் விதம் இது: 10 இலிருந்து உங்கள் சிஜிபிஏவைக் கழியுங்கள்; தேறுவதற்கான புள்ளி 5 என்றால், வந்த விடையை 5 ஆல் வகுத்து 3 ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். 8.5 எடுத்தவருக்கு 1.9 வரும், அங்கே எண் குறையக் குறைய நல்லது. 7.5 எடுத்தவருக்குச் சரியாக 2.5. பல முதுநிலைப் படிப்புகள் கோடு போடும் இடம் அந்த 2.5 தான். 7.2 வைத்துக்கொண்டு அத்தகைய படிப்புகளுக்கு 12 விண்ணப்பம் போடுவது நாற்பதாயிரத்தைத் தண்ணீரில் விடுவது.

விசாவில் ஒரு மாற்றத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுக்கப்பட்டால் கட்டணமின்றி மறுபரிசீலனை கேட்கும் வழியை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. இனி நீதிமன்றம் போக வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு 75 யூரோ கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

முடங்கும் பணம்

விசா கேட்பதற்கு முன் ஓராண்டுச் செலவுத் தொகையை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2018இல் அது 8,640 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து 11,904. ரூபாயில் 11,90,400. முதல் பட்டியலின் மொத்தத்தைப் போல 17 மடங்குக்கும் மேல். இது கட்டணமல்ல, அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக மாணவரிடமே வந்து சேரும்.

யூரோ 1 ரூபாய் ஏறினால் இந்தத் தொகை ரூ. 11,904 கூடும், விசாக் கட்டணத்தைவிட அதிகம். 2025 தொடக்கத்தில் 90 ரூபாயை ஒட்டியிருந்த யூரோ அதே ஆண்டின் பிற்பகுதியில் 100ஐத் தாண்டியது. அந்த 10 ரூபாய் ஏற்றம் ரூ. 1,19,040. ஏபிஎஸ், ஐஇஎல்டிஎஸ், விண்ணப்பம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு மீதியும் கேட்கும் தொகை.

அனுப்பும்போது பிடிக்கப்படும் வரியும் உண்டு. 2025-26 நிதியாண்டு விதிப்படி, சொந்தப் பணமாக ஒருவர் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு 5 விழுக்காடு. ஒரே பான் எண்ணில் போனால் 1,90,400க்கு ரூ. 9,520. அப்பா, அம்மா இருவர் சேமிப்பிலிருந்தும் அவரவர் கணக்கு வழியே பிரித்துப் போனால் பிடித்தமே இல்லை. வங்கிக் கல்விக் கடனிலிருந்து போனாலும் இல்லை. பிடித்தாலும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

பணம் எங்கிருந்து

அரசு வங்கிகளின் வழக்கமான கல்விக் கடனில் 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு. இந்தப் பகுதியில் பல குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இது. சொந்த வீடு இருக்கும், வரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கும். ஆனால் மனை அனுமதியற்ற மனைப்பிரிவில் வாங்கியதாக இருக்கும், அல்லது பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். தமிழக அரசு 2017இல் கொண்டுவந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கானது. அந்த வரன்முறை ஆணை, பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் நான்கும் கையில் இருந்தால்தான் வங்கி வழக்கறிஞர் கோப்பைத் திறப்பார். பட்டா மாற்றத்துக்கு ஆகும் மாதங்களை விசா வரிசை காத்திருக்காது.

நகையை வைக்கலாம். 5 லட்சத்துக்கு மேற்பட்ட நகைக் கடனில் நகை மதிப்பில் 75 விழுக்காடு வரைதான் கிடைக்கும். 12 லட்சம் வேண்டுமானால் 16 லட்சம் ரூபாய் நகை. கடன் எதுவானாலும், 12 லட்சத்துக்கு 10 விழுக்காடு வட்டி என்றால் மாதம் ரூ. 10,000, இரண்டாண்டுப் படிப்பும் ஓராண்டு தவணை விடுப்பும் சேர்ந்து தனி வட்டியே ரூ. 3,60,000. கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவில், பழைய வரி முறையைத் தேர்ந்தால், 8 ஆண்டு வரை விலக்கு உண்டு. நகைக் கடனுக்கு அது கிடையாது.

பட்டியல் இனக் குடும்பங்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், மதிப்பெண் 60 விழுக்காடு, உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலையில் இடம்.

முதல் மாதப் பணம்

பலரும் எழுத மறக்கும் பத்தி இதுதான். முடக்கக் கணக்கு மாதம் 992 யூரோதான் விடும். அதுவும் அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகு. ஆனால் வீட்டு உரிமையாளர் மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. வாடகை 350 யூரோ என்று வைத்தால்:

முன்பணம்: 1,050
முதல் வாடகை: 350
பருவப் பங்களிப்பு, உத்தேசம்: 300
மாணவர் மருத்துவக் காப்பீடு: 140க்கு மேல்
கூட்டுத்தொகை: 1,840 யூரோ, ரூ. 1,84,000

இதைத் தனியே, ஃபோரெக்ஸ் அட்டையில் கொண்டுபோக வேண்டும். நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துச் செல்லலாம். வேலை செய்து சமாளிக்கலாம் என்றால், 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அனுமதி உண்டு; ஆனால் முதல் மாதமே வேலை அமைவது அரிது.

பெட்டியில் ஏற்றுவதிலும் கணக்கு உண்டு. இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அம்மா உருக்கித் தரும் நெய்யும் அதில் அடக்கம். கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை. பருப்புப் பொடி, சாம்பார் பொடி, குக்கர் என்று எடையை ஒதுக்குவது நல்லது.

மூன்று வகைப் பணத்தையும் கூட்டினால் ரூ. 14,41,900, விமான டிக்கெட் தனி. இதில் பயணம் நின்றுபோனால் திரும்பாதது 67,500 மட்டுமே. ஆனால் குடும்பங்கள் பணத்தைப் போடத் தொடங்குவது அந்த 67,500இல்தான். பயணத்தைத் தடுக்கக்கூடியவை வேறு: மதிப்பெண், பட்டா, யூரோ விலை. முதல் இரண்டையும் பார்க்கப் பைசா செலவில்லை. ஆறாம் பருவ மதிப்பெண் வந்ததும் 2.5 கணக்கைப் போடுங்கள். அதே வாரம் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கி மேலாளரைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் சரி என்று விடை வந்த பிறகு ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பணம் கட்டினால் போதும்.