குறைநடை நாள்: ஏலகிரி மலை நடைப்பயணத்தை முன்வைத்து

பல நாள் நீளும் நடைப்பயணத்தில், வழக்கமாக நடக்கும் தூரத்தில் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு மட்டும் நடந்து, மீதிப் பொழுதை ஓய்வுக்கும் உணவுக்கும் கால் பராமரிப்புக்கும் ஒதுக்கும் நாளைக் குறைநடை நாள் எனலாம். அமெரிக்காவில் சுமார் 3,500 கி.மீ. நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையில் செல்வோர், ஓரடிகூட முன்னேறாத நாளை ‘சீரோ’ என்றும், சிறிது தூரம் மட்டும் நடக்கும் நாளை ‘நியரோ’ என்றும் அழைக்கின்றனர். பெயர்தான் புதிது, பழக்கம் பழையது. தமிழ்நாட்டின் பழைய வழித்தடங்களில் சத்திரங்களும் சாவடிகளும் இருந்தன. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து மீண்டும் தூக்கிக்கொள்ளச் சுமைதாங்கிக் கற்களும் நடப்பட்டிருந்தன. அவற்றில் பல இன்றும் சாலையோரங்களில் நிற்கின்றன.

ஏலகிரியின் அமைப்பு

குறைநடை நாள் எதற்கு என்பதை விளக்க ஏலகிரி நல்ல எடுத்துக்காட்டு. 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள இம்மலை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலமாக விரிகிறது. அத்தனாவூர், நிலாவூர், மங்கலம் உள்ளிட்ட 14 ஊர்கள் மேலே உள்ளன. மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்குத் தமிழ் பேசி வாழ்கின்றனர். (கேரளத்தின் மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) கீழே ஜோலார்பேட்டைச் சமவெளி ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே நடந்து வருபவருக்கு முதலில் ஏறத்தாழ 700 மீட்டர் ஏற்றம், பிறகு பெரிய ஏற்ற இறக்கமில்லாத மேட்டுநிலம், கடைசியில் அதே 700 மீட்டர் இறக்கம்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் தந்த கணக்குப்படி, 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரமும் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். 10 கி.மீ. தூரமும் 700 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளுக்கு இது மூன்று மணி பத்து நிமிடம் என்று வரும். ஆனால் அது குளிர்நாட்டில், நல்ல உடல்தகுதி உள்ளவருக்குப் போடப்பட்ட கணக்கு. முதுகில் சுமையும் திருப்பத்தூர் வெயிலும் சேர்ந்தால் அதைப்போல் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்வதே நல்லது.

ஓய்வு எந்த நாளில்?

இறங்கி முடித்த பிறகு ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்றே பெரும்பாலோர் திட்டமிடுகின்றனர். உடலியல் சொல்வது வேறு. ஏறும்போது தசைகள் சுருங்கி வேலை செய்கின்றன. அது மூச்சு வாங்க வைக்கும், தசையில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் என்னும் மாவுச்சத்து இருப்பையும் கரைக்கும், ஆனால் தசைநார்களை அதிகம் சிதைக்காது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியுள்ளது. நுண்சேதமும், மறுநாள் தொடங்கி ஒன்று முதல் மூன்று நாள்களில் உச்சமடையும் வலியும் இதனால்தான் வருகின்றன. களைத்த தொடை எடையைச் சரியாகப் பிடிக்காதபோது முழங்கால் மடங்கும், கால் வழுக்கும். எனவே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில், மேட்டுநிலத்திலேயே ஒரு குறைநடை நாளை வைப்பது பாதுகாப்பானது. அரிசியோ கேழ்வரகோ வயிறார உண்டு ஓய்வெடுத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் கிளைக்கோசன் இருப்பு பெருமளவு மீண்டுவிடும்.

எலும்பு இவ்வளவு விரைவில் ஈடுகொடுப்பதில்லை. நெடுந்தூர அணிவகுப்பில் சென்ற படைவீரர்களின் பாதம் வலியோடு வீங்குவதைப் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-இல் பதிவு செய்தார். பாத எலும்பில் விழுந்த முறிவே அதற்குக் காரணம் என்பது எக்ஸ்-கதிர் வந்த பிறகுதான் தெரிந்தது. பாதத்தில் ஒரே புள்ளியில் வலி இருந்து, ஒரு நாள் ஓய்வுக்குப் பின்னும் குறையவில்லையென்றால் நடையைத் தொடரக் கூடாது. வண்டியில் இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பதும் குறைநடை நாளின் பயன்களில் ஒன்று.

அந்த நாளில் செய்வன

நிலாவூரில் இரவு தங்கியவர், வெயிலுக்கு முன் அத்தனாவூர் வழியாகப் புங்கனூர் ஏரிவரை நடப்பது போதுமானது. மண்பாதைகளும் பலா, கொய்யாத் தோப்புகளும் உள்ள வழி இது. காலணியைக் கழற்றி உள்தாளை வெளியே எடுத்துக் காயவைப்பதே அன்றைய முதல் வேலை. ஈரமான தோலும் உராய்வும் சேர்ந்தால்தான் கொப்புளம் வருகிறது. மலையடிவாரப் பகுதியான ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலுக்கும் காலணிக்கும் பெயர்பெற்ற ஊர்கள். அங்கே வாங்கிய புதுத் தோல் காலணியானாலும், சில வாரம் ஊரிலேயே போட்டுப் பழக்காமல் மலைக்கு எடுத்துவருவது தவறு.

‘நாள் சும்மாதானே இருக்கிறது’ என்று மங்கலத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறிவிடுவது பலருக்கும் வரும் ஆசை. 1,300 மீட்டரைத் தாண்டும் அந்த உச்சியில் ஏறி இறங்கினால் அது குறைநடை நாள் ஆகாது. தொடைக்கு ஓய்வு தர ஒதுக்கிய நாளில் ஓர் இறக்கம் கூடுதலாகச் சேர்ந்துவிடும். சுவாமிமலைக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

அனுமதியும் பருவமும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காட்டுப் பாதைகளுக்கு வனத்துறையின் அனுமதி கட்டாயம். 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இடம்பெற்றன. ஏலகிரி – சுவாமிமலைப் பாதையும் அவற்றில் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். தீ அபாயமுள்ள மாதங்களில் பாதைகள் மூடப்படும். நிலாவூரிலிருந்து சலகாம்பாறை அருவிப் பக்கம் இறங்கும் காட்டுவழிக்கு அனுமதி உண்டா, வழி எப்படி இருக்கிறது என்பதையும் குறைநடை நாளிலேயே உள்ளூர் வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலை வழியே பேருந்தில் இறங்கி, ஜோலார்பேட்டைச் சந்திப்பில் ரயிலைப் பிடிக்கலாம்.