மருந்து நேரத்தைச் சொல்லும் பழைய மொபைல் போன்

ஞாபக மறதி வயதானவர்களுக்கு மட்டும் உரியது என எண்ண வேண்டாம். மேலூரில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை நடத்தும் எனக்கு, காலையில் வீட்டில் சொன்னது கடையைத் திறப்பதற்குள் மறந்துவிடும். எனவே, பேசினால் குறித்துக் கொண்டு நேரத்தில் நினைவூட்டும் வசதி ஸ்மார்ட் போனில் கிடைத்தபோது, அதனை முதலில் பிடித்துக் கொண்டவர்களில் நானும் ஒருவன். ஆனால், அந்த வசதியை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதனை என் அம்மாவின் கண்தான் எனக்குக் கற்றுத் தந்தது.

எங்கள் வீடு மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரில் உள்ளது. அம்மாவுக்குக் கைக்கெடியாரம் தேவைப்பட்டதே இல்லை. கோயில் மணியும், டவுன் பஸ் வந்து திரும்பும் சத்தமும்தான் அவருடைய கடிகாரம். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, கையில் இரண்டு சொட்டு மருந்துகளும் ஓர் அட்டவணையும் தந்தார்கள். வெள்ளை மூடி மருந்து முதல் வாரம் தினமும் 6 வேளை, அடுத்த வாரம் 5 வேளை, இப்படிக் குறைந்து கொண்டே வந்து ஆறாவது வாரம் ஒரு வேளை. பச்சை மூடி மருந்து இரண்டு வாரங்களுக்குத் தினமும் 4 வேளை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் மருந்து மட்டும் 147 முறை. இரண்டாவது 56 முறை. மொத்தம் 203 முறை.

முதல் முயற்சி தந்த பாடம்

இதற்கென நான் செய்தது எளிதான வேலை. என் போனிடம் ஒவ்வொரு வேளையையும் பேசியே ரிமைண்டராகப் பதிந்தேன். மணி அடித்ததும் கடையிலிருந்து அப்பாவின் பட்டன் போனுக்குப் பேசிச் சொல்வதாகத் திட்டம். மூன்றாம் நாள் கல்யாணப் பத்திரிகை வேலை. கடையில் கூட்டம். போனை சைலண்ட்டில் போட்டிருந்தேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் நான்கு ரிமைண்டர்கள் வரிசையாகத் திரையில் நிற்கின்றன.

வீட்டுக்கு ஓடி, "எத்தனை தடவம்மா மருந்து விட்டீங்க?" எனக் கேட்டேன். "ரெண்டா, மூணான்னு தெரியலயேப்பா" என்றார் அம்மா. அப்பா வயலுக்குப் போய்விட்டாராம். கண் சிவந்திருந்தது. மறுநாள் மதுரைக்கு அழைத்துச் சென்றோம். கண்ணுக்குள் அழற்சி இருப்பதாகவும், அதனைத் தடுப்பதற்குத்தான் அந்த வெள்ளை மூடி மருந்து என்றும், இனி ஒரு வேளையும் தவறக் கூடாது என்றும் டாக்டர் சொன்னார். தவறு முழுக்க என்னுடையதுதான்.

ரிமைண்டர் வேறு, அலாரம் வேறு

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். ஆப்பிள் நிறுவனம் 2011ல் சிரியை அறிமுகம் செய்தபோது, பேசினால் போன் குறித்துக் கொள்ளும் என்பதே அதிசயமாக இருந்தது. கூகுள் 2017 ஆகஸ்ட்டில் தமிழில் பேசி டைப் செய்திடும் வசதியைத் தந்தது. 2024ல் ஜெமினி அப்ளிகேஷன் தமிழுக்கு வந்தது. எல்லாம் சரி. ஆனால், பேசிப் பதிந்த தகவல் எங்கே போய் உட்காருகிறது என்பதனை நான் கவனிக்கவில்லை.

கூகுளிடம் நாம் சொல்லும் ரிமைண்டர்கள், 2023ல் ஏற்பட்ட மாற்றத்திற்குப் பின், கூகுள் டாஸ்க்ஸ் அப்ளிகேஷனில் பதிவாகின்றன. குறித்த நேரத்தில் ஒரு நோட்டிபிகேஷன் வரும். போன் சைலண்ட்டில் இருந்தால் சத்தமும் வராது. கரண்ட் பில் கட்டுவதற்கு இது போதும். கண் மருந்துக்குப் போதாது. அலாரம் அப்படி அல்ல. சைலண்ட்டில் இருந்தாலும் ஒலிக்கும். நாம் நிறுத்தும் வரை பல நிமிடங்கள் விடாது ஒலிக்கும். இன்டர்நெட் தேவையில்லை. சிம் கார்டு கூடத் தேவையில்லை.

இன்னொரு தவறையும் உணர்ந்தேன். மருந்து இருப்பது திருவாதவூரில். மணி அடிப்பது மேலூரில்!

பேத்தியின் குரல்

பெட்டியில் கிடந்த என் பழைய ஆண்ட்ராய்ட் போனை எடுத்தேன். அதில் உள்ள சவுண்ட் ரெக்கார்டரை இயக்கி, என் மகளைப் பேச வைத்தேன். "அப்பத்தா, வெள்ளை மூடி மருந்து. அய்யாவக் கூப்பிடுங்க" என ஒன்று. பச்சை மூடிக்கு இன்னொன்று. மூடியின் நிறத்தைச் சொன்னதற்குக் காரணம், பாட்டிலில் உள்ள பொடி எழுத்தை அம்மா, அப்பா இருவராலும் படிக்க முடியாது.

இந்தப் பதிவை அலாரம் ஒலியாக அமைப்பது எளிது. போனில் உள்ள க்ளாக் அப்ளிகேஷனைத் திறக்கவும். கூட்டல் அடையாளத்தைத் தட்டி நேரத்தை அமைக்கவும். அந்த அலாரத்தில் மணி போன்ற ஐகான் இருக்கும். அதனைத் தட்டினால் ஒலிகளின் பட்டியல் கிடைக்கும். அதில் புதிய ஒலி சேர்ப்பதற்கான பிரிவில் உங்கள் பதிவைத் தேர்ந்தெடுக்கவும். பின்னர் எல்லா நாட்களையும் தேர்வு செய்திடவும். போன் நிறுவனத்தைப் பொறுத்து மெனுவின் பெயர்கள் சற்று மாறலாம்.

காலை 7, 9.30, பகல் 12, 2.30, மாலை 5, இரவு 7.30 என ஆறு அலாரங்கள் அமைத்தேன். ஒரு மருந்து விட்டவுடன் அடுத்ததை விட்டால் முதல் மருந்து வழிந்துவிடும். எனவே பச்சை மூடிக்கான நான்கு அலாரங்களைப் பத்து நிமிடம் தள்ளி அமைத்தேன்.

போனை மருந்துத் தட்டின் பக்கத்திலேயே வைத்தேன். அலாரத்தை நிறுத்த வேண்டும் என்றால் எழுந்து மருந்திடம்தான் வர வேண்டும். மருந்து விட்ட பின்னரே நிறுத்த வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். விட்டதும் தினசரி காலண்டர் தாளில் அப்பா பென்சிலால் ஒரு கோடு போடுவார். போன் நேரத்தைச் சொல்லும். மருந்து விட்டாயிற்றா என்பதனைக் கோடுதான் சொல்லும். வயலுக்குக் கிளம்பும் அப்பாவும், பேத்தி குரல் கேட்டால் வாசலிலிருந்து திரும்பி வந்துவிடுவார்.

கவனிக்க வேண்டியவை

1. அலாரம் ஒலி அளவும், ரிங்டோன் ஒலி அளவும் வெவ்வேறானவை. அலாரத்தின் ஒலியைத் தனியே உயர்த்தவும்.

2. போன் அணைந்துவிட்டால் அலாரம் ஒலிக்காது. தினமும் சார்ஜ் செய்திடவும். சிம் இல்லாத போன் அணைந்து மீண்டும் இயங்கினால், நேரம் சரியாக உள்ளதா எனப் பார்க்கவும்.

3. "டூ நாட் டிஸ்டர்ப்" அமைப்பில் அலாரத்திற்கு அனுமதி தரப்பட்டுள்ளதா எனச் சோதிக்கவும்.

4. வேளைகள் குறையும் நாளில் அலாரங்களையும் குறைக்க வேண்டும். இதற்கு மட்டும் என் போனில் பேசி ரிமைண்டர் வைத்துக் கொண்டேன்.

5. மேலே சொன்ன அட்டவணை என் அம்மாவுக்கு எழுதித் தரப்பட்டது. உங்கள் வீட்டில் டாக்டர் எழுதியபடியே அமைக்கவும்.

சிவப்பு சில நாட்களில் மறைந்தது. ஆறு வாரங்கள் முடிந்து கண்ணாடியும் வந்தது. அன்று அம்மா காலண்டர் தாளைத் தானே கிழித்து, ராகு கால நேரத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பழைய போனைப் பெட்டியில் வைக்கப் போனேன். "இருக்கட்டும்ப்பா, பிரஷர் மாத்திரைக்கு ஆகும்" என்று வாங்கிக் கொண்டார்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பழைய போன் தூங்கிக் கொண்டிருக்கலாம். எடுத்து, உங்கள் வீட்டுக் குழந்தையின் குரலில் பேச வைத்துப் பாருங்களேன்.