நெஞ்சில் நீர் கோப்பது ஏன்?

‘நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது’ என்று சொல்லப்படும்போது, பல நேரங்களில் அந்த நீர் நுரையீரலுக்குள் இருப்பதில்லை. நுரையீரலைப் போர்த்தியுள்ள ஈரடுக்கு உறையின் இடைவெளியில் தேங்கியிருக்கும். காற்றறைகளுக்குள் சேரும் நீர் வேறு கோளாறு, அதன் சிகிச்சையும் வேறு.

உடல்நலத்தோடு இருப்பவருக்கும் அந்த இடைவெளியில் சில தேக்கரண்டி நீர் உண்டு. விலாப்பக்கத்து உறையின் ரத்த நுண்குழாய்களிலிருந்து ஊறும் நீர், அதே உறையிலுள்ள நிணநீர்த் துளைகள் வழியே வடிந்துவிடுகிறது. வழக்கமான வரத்தைப்போல் 20 மடங்கு வந்தாலும் தாங்கக்கூடிய வடிகால் இது. ஆகவே ஊற்று சற்றுக் கூடியதாலேயே யாருக்கும் நீர் கோத்துவிடாது. வரத்து பெருவெள்ளமாக வேண்டும் அல்லது வடிகால் அடைபட வேண்டும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. புற்றுநோய்ச் செல்கள் துளைகளையும் நெஞ்சுக்குள்ளிருக்கும் நிணநீர்க் கணுக்களையும் அடைத்துக்கொள்வதால்தான், ஊசி போட்டு எடுத்த நீர் சில நாட்களில் மறுபடி நிறைகிறது.

பாடநூல்கள் காரணங்களை இரண்டாகப் பிரிக்கின்றன. உறை நலமாக இருந்தும், ரத்த அழுத்தமோ புரத அளவோ நிலை தவறி நீர் கசிவது ஒரு வகை. இதயச் செயலிழப்பு இதில் முதன்மையானது. சிறுநீரில் புரதம் போவது இன்னொன்று. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வயிற்று நீரே உதரவிதானத்தின் நுண்ணிய ஓட்டைகள் வழியே, பெரும்பாலும் வலப்பக்கமாக, மேலே இழுக்கப்படுகிறது. நிமோனியா, காசநோய், புற்றுநோய் போன்றவற்றால் உறையே பாதிக்கப்பட்டுப் புரதம் மிகுந்த நீர் சேர்வது இரண்டாம் வகை.

இந்தப் பிரிவினைக்கு 1972-இல் ரிச்சர்ட் லைட் குழுவினர் வகுத்த அளவுகோல் இன்றும் வழக்கில் இருக்கிறது. நெஞ்சு நீரின் புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேலிருந்தால் இரண்டாம் வகை. எல்டிஹெச் என்ற நொதிக்கும் இதுபோல் வரம்புகள் உண்டு. ஆனால் முதல் வகையினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை இது தவறாக இரண்டாம் வகையில் தள்ளிவிடுகிறது. இதய நோயாளிக்கு நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை தண்ணீரை வெளியேற்ற, எஞ்சிய நீரில் புரதம் செறிந்துவிடுவதே காரணம். ரத்தத்தின் அல்புமின் நெஞ்சு நீரின் அல்புமினைவிட டெசிலிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல் கூடுதலாக இருந்தால், பழி பெரும்பாலும் இதயத்தின் மேல்தான்.

இந்தியாவில் இரண்டாம் வகை என்றதும் முதலில் எழும் ஐயம் காசநோய். இங்கே நீரைச் சேர்ப்பது கிருமிகளின் எண்ணிக்கையன்று. உறைக்குள் நுழைந்த கொஞ்சம் கிருமிப் புரதத்துக்கு உடலின் எதிர்ப்பாற்றல் காட்டும் மிகையான சீற்றம். அதனால் நீரை நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி அரிதாகவே அகப்படும். சளியிலும் பலருக்கு இராது. நீரில் ஏடிஏ என்ற நொதியின் அளவு 40-ஐத் தாண்டுவது, நிணநீர்ச் செல்கள் மிகுவது, திசுச் சோதனை ஆகியவற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. இன்னும் கவலைக்குரியது, மருந்தில்லாமலே பலருக்கு நீர் தானாக வற்றிவிடும் என்பது. அப்படி விடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சில ஆண்டுகளில் நோய் முற்றி வெளிப்பட்டதைப் பழைய ஆய்வுகள் காட்டியுள்ளன. 2015-ஐ ஒப்பிட்டுப் புதிய காசநோயாளிகளை 80 சதவீதம் குறைக்க 2025 வரை கெடு வைத்தது ஒன்றிய அரசு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் லட்சத்துக்கு 237 என்றிருந்தது 2023-இல் 195 ஆனது, அதாவது 18 சதவீதச் சரிவு. இதைச் சாதனை என்று சொல்வோர் கெடுவின் அளவைச் சொல்வதில்லை. சளியை மட்டும் பார்க்கும் முகாம்களின் கணக்கில் உறைக் காசநோயாளிகள் பலர் வரவும் மாட்டார்கள்.

டெங்குவில் நாளங்கள் கசிவதால் நீர் சேரும்; காய்ச்சல் தணிந்து, ஆபத்துக் கட்டம் கடந்தால் தானே வற்றும்.

நீர் சீழானால் மாத்திரை போதாது, குழாய் வைத்து வடிக்க வேண்டும்.

பால்போல் வெளுத்திருந்தால் நெஞ்சின் நிணநீர்க் குழாய் கிழிந்திருக்கலாம்.

கணைய அழற்சி, நுரையீரல் ரத்தக்கட்டு, முடக்குவாதம், சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

எல்லாச் சோதனைக்குப் பின்னும் காரணம் பிடிபடாதவர்களைப் பல மாதங்கள் கண்காணிப்பில் வைப்பதே வழக்கம்.