முனையத்தில் தமிழ்: மாற்று விசைகளும் விசைப்பலகை அமைப்பும்

முன்னுரை

பினாங்குத் தீவின் தென்கிழக்கே அமைந்துள்ள பாயான் லெப்பாசில் 1972ஆம் ஆண்டு தடையற்ற வாணிப வட்டாரம் தோற்றுவிக்கப்பட்டது. இண்டெல் நிறுவனம் அதே ஆண்டில் அங்குத் தன் ஆலையைத் தொடங்கியது. மின்னணுவியல் தொழில் வேரூன்றிய இவ்வட்டாரத்தில் பொறியியல் பணிக்குச் செல்லும் தமிழ் மாணவர், எழுத்து மட்டுமே தோன்றும் முனையத் திரையையும் எதிர்கொள்ள நேரிடும். சுட்டியும் பட்டியும் இன்றி, விசைகளைக் கொண்டே அனைத்தையும் ஆளும் பணிமுறை அது. தமிழ் விசைப்பலகையை இயக்கிவிட்டு அதில் தட்டச்சு செய்தால் கட்டளைகள் செயல்படாமல் போவதுண்டு. இதனைக் காணும் மாணவர், தமிழ் கணினிக்கு ஒத்துவராத மொழி என்று எளிதில் முடிவு செய்துவிடுவர். அம்முடிவு தவறானது என்பதையும், இடர்ப்பாட்டின் காரணம் வேறிடத்தில் உள்ளது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாற்று விசை என்பது

ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய விசைகள் தனித்து அழுத்தப்படும்போது எழுத்து எதனையும் தருவதில்லை; மற்றொரு விசையைச் சார்ந்து நின்று அதன் பயனை மாற்றுகின்றன. தமிழிலக்கணம் அறிந்தோர்க்கு இக்கருத்து புதிதன்று. புள்ளியும் உயிர்க்குறியும் மெய்யைச் சார்ந்தே பொருள் பெறுவதை ஒத்தது இது.

தட்டச்சுப்பொறிக் காலத்திலேயே இத்தகைய விசைகள் தோன்றிவிட்டன. 1878இல் வெளிவந்த ரெமிங்டன் 2ஆம் பொறியில் ஷிப்ட் விசை இடம்பெற்றது. தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்த யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா, நகரா விசை என்னும் உத்தியைக் கையாண்டார். புள்ளியை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து அழுத்தும் மெய் அப்புள்ளியின் கீழ் வந்து அமையும். குறி முன்னும் எழுத்துப் பின்னுமாக அமைந்த இவ்வரிசை, இன்றைய யூனிகோட் முறையில் தலைகீழாகியுள்ளது. யூனிகோடில் மெய் முன்னும் குறி பின்னும் வரும்.

முனையம் காண்பது விசையையன்று

முனையத்தின் இயல்பை அறிந்தாலன்றி இடர்ப்பாட்டை உணர இயலாது. முனையம் நிரலுக்கு அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்னும் செய்தியையன்று. எழுத்தின் குறியீட்டு எண்ணை மட்டுமே. 1963இல் வெளியிடப்பட்ட ஆஸ்கி தரத்தில் பெரிய ஏ எழுத்தின் எண் 65 ஆகும். கண்ட்ரோல் விசையுடன் அதனை அழுத்தினால் 64 குறைந்து 1 என்னும் எண் செல்கிறது. இவ்வாறே ஐ எழுத்து 9 ஆகித் தாவல் விசைக்கும், எம் எழுத்து 13 ஆகி வரிமுடிவு விசைக்கும் ஒப்பாகின்றன. எனவே, முனையத்தில் கண்ட்ரோல் என்பது தனியொரு செய்தியன்று. இலத்தீன் எழுத்தின் எண்ணில் நிகழும் கழித்தலே எனலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். யூனிகோடில் ககரத்தின் எண் 2965. யுடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகளாகச் செல்கிறது. 64ஐக் கழித்துக் கட்டளையாக்கும் வாய்ப்பு இங்கில்லை. கண்ட்ரோலுடன் ககரம் என்பதற்கு ஆஸ்கியில் எண்ணே வகுக்கப்படவில்லை. சில முனைய மென்பொருள்கள் அவ்விசைக்குரிய இலத்தீன் எழுத்தைக் கண்டறிந்து அனுப்பிவிடுகின்றன. சில அவ்வாறு செய்வதில்லை. ஒரே விசைப்பலகை ஓரிடத்தில் இயங்கியும் மற்றோரிடத்தில் இயங்காமலும் போவதன் காரணம் இதுவே.

ஆல்ட் விசையின் வரலாறும் நோக்கத்தக்கது. முற்காலத்தில் அது எழுத்தின் எண்ணுடன் 128ஐக் கூட்டி அனுப்பியது. டிஸ்கி போன்ற 8 பிட் தமிழ்க் குறியீடுகளும் 128க்கு மேற்பட்ட இடங்களிலேயே தமிழ் எழுத்துகளை வைத்திருந்தன. ஆகவே, வந்தது கட்டளையா தமிழ் எழுத்தா என்று நிரலால் பிரித்தறிய இயலவில்லை. பின்னர் எஸ்கேப் குறியீட்டை முன்னனுப்பி, எழுத்தைப் பின்னனுப்பும் முறை பரவியபோது இம்மோதல் பெரிதும் நீங்கியது.

க, ப, ம, த

மாற்று விசையே வேண்டாத கட்டளை முறையும் உண்டு. 1976இல் பில் ஜாய் உருவாக்கிய வி.ஐ. என்னும் எழுத்துத் தொகுப்பியில் கட்டளை நிலை, உள்ளீட்டு நிலை என இரண்டு நிலைகள் உள்ளன. கட்டளை நிலையில் எச், ஜே, கே, எல் என்னும் விசைகள் முறையே இடம், கீழ், மேல், வலம் எனச் சுட்டியை நகர்த்துகின்றன. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்நான்கு விசைகளின்மீதே பொறிக்கப்பட்டிருந்தன.

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் அந்நான்கு விசைகளும் முறையே க, ப, ம, த என்னும் எழுத்துகளைத் தருகின்றன. அடிக்கடி பயிலும் எழுத்துகள் வலக்கையின் நடுவரிசையில் அமைய வேண்டும் என்னும் நல்ல நோக்கத்தால் நேர்ந்த பொருத்தம் இது. ஆயின், கீழே நகர விரும்பி ஜே விசையை அழுத்தினால் வி.ஐ. பெறுவது பகரமாகும், அதற்குரிய கட்டளை எதுவும் இல்லை. இருமுறை அழுத்தினாலோ, இரட்டிக்கும் மெய்க்குத் தானாகப் புள்ளியிடும் தமிழ்99 முறைப்படி ‘ப்ப’ என்றாகிவிடுகிறது. எழுதுவோர்க்குப் பெருந்துணையாகும் இவ்வசதி கட்டளையிடுவோர்க்குத் தடையாகிறது.

தீர்வு எங்குள்ளது?

இதுவரை கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. குறை தமிழ் எழுத்திலோ தமிழ்99 அமைப்பிலோ இல்லை. எழுத்து மாற்றம் எந்த அடுக்கில் நிகழ்கிறது என்பதில்தான் உள்ளது. இயங்குதளத்தில் தமிழை இயக்கினால் கட்டளையும் தமிழாகிவிடும். தொகுப்பிக்கு உள்ளேயே தமிழை இயக்கினால், எழுதும்போது மட்டுமே தமிழ் வரும். கட்டளை தன்னிலையில் நிற்கும். 2001இல் வெளிவந்த விம் 6.0 பதிப்பில் இதற்கென விசை வரைபட வசதி சேர்க்கப்பட்டது. உள்ளீட்டு நிலையில் கண்ட்ரோலுடன் 6 என்னும் விசையை அழுத்தி வரைபடத்தை மாற்றிக்கொள்ளலாம். ஈமேக்ஸ் தொகுப்பியில் கண்ட்ரோலும் பின்சாய்கோடும் அப்பணியைச் செய்கின்றன.

ஷிப்ட் விசையைப் பொறுத்தமட்டில் தமிழ்99 சிறப்புடையது. 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம் ஆகிய 31 விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் ஷிப்ட் இன்றியே பெறலாம். கிரந்த எழுத்துகளுக்கே அது வேண்டப்படுகிறது. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழியாகப் பரவிய ஒலிபெயர்ப்பு முறையிலோ ல, ள வேறுபாட்டிற்கும் ன, ண வேறுபாட்டிற்கும் ஷிப்ட் துணையாகிறது. மலாய் மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் ஒரே இலத்தீன் விசைப்பலகையைப் பயன்படுத்தும் நம் நாட்டு மாணவர்க்கு ஒலிபெயர்ப்பு முறை எளிதாகத் தோன்றுவது இயல்பே. எனினும், உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாவதை விரல்வழி உணர்த்துவது தமிழ்99 முறையாகும்.

முடிவுரை

தமிழ்த் தட்டச்சுப் பயிற்சியில் எந்த எழுத்து எந்த விசையில் உள்ளது என்பதைக் கற்பிப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். விசை எண்ணாகி, எண் எழுத்தாகவோ கட்டளையாகவோ மாறும் வழியையும் ஆசிரியர் ஒரு பாடவேளையிலேனும் விளக்குதல் வேண்டும். கண்ட்ரோலுடன் ஒரு தமிழ் விசையை அழுத்தச் செய்து, விளைவை மாணவரையே கண்டு கூறச் செய்தல் நல்ல தொடக்கமாக அமையும். காரணம் அறிந்த மாணவர், கட்டளை செயல்படாதபோது தமிழை நிறுத்திவிட மாட்டார். அதனை உரிய அடுக்கில் அமைத்துக்கொள்வார். பாயான் லெப்பாசின் ஆலைக்குள் செல்லும் மாணவரோடு தமிழும் உள்ளே செல்வது இத்தெளிவைப் பொறுத்ததாகும்.