கடை மாடியில் கிடக்கும் கரண்டு பைப்புக்கு யார் பொறுப்பு?

புதுச்சேரியின் கரையாம்புத்தூர் கடைத்தெருவில் மொட்டை மாடிக்குப் போகும் படியைத் தேடி ஏறிப் பாருங்கள். தளத்தோடு தளமாக வெள்ளை பிவிசி பைப் ஓடும். ஒரு முனை மெயின் போர்டில் இருக்கும், மறுமுனை போர் மோட்டாரிலோ, ஏசி பெட்டியிலோ, பெயர்ப்பலகை விளக்கிலோ போய் முடியும். நடுவில் ஜாயிண்ட் கழன்ற இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். வெயிலில் பசை இளகி டேப் தொங்க, உள்ளே சிவப்பு வயர் பல்லைக் காட்டும். யார் போட்டது என்று கேட்டால் கடைக்காரர் முன்னாள் வாடகைதாரரைச் சொல்வார். கட்டடத்துக்காரர் கடைக்காரரைச் சொல்வார்.

ஷாக் அடித்தால்தான் எல்லோருக்கும் மின்துறை நினைவுக்கு வருகிறது. லைன்மேன் வருகிறார், எட்டிப் பார்க்கிறார், "இது எங்க லைன் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொல்வது சரி. அப்படியானால் யாரிடம் போவது என்று அவரும் சொல்வதில்லை, அவருடைய அலுவலகமும் சொல்வதில்லை. அந்த மௌனத்தால்தான் இந்தக் கட்டுரை.

முதல் விஷயம்: கம்பத்திலிருந்து மீட்டர் வரை துறையின் பொறுப்பு, மீட்டரைத் தாண்டினால் உங்கள் பொறுப்பு. மாடியில் ஓடும் பைப் முழுக்க மீட்டருக்குப் பின்னால் வருவது. புதுச்சேரி மின்துறை தனியாருக்குப் போகலாமா கூடாதா என்று 2020 முதல் டீக்கடைக்கு டீக்கடை வாதம் நடக்கிறது. வாதிக்கட்டும். எது நடந்தாலும் உங்கள் மாடி உங்கள் தலையில்தான்.

இந்தப் பைப்பில் அப்படி என்ன ஆபத்து? வெயிலிலிருந்து தொடங்குவோம். அமெரிக்க மின் விதித் தொகுப்பின் 2017 பதிப்பில், கூரைக்கு மேல் சுமார் 22 மில்லிமீட்டர் இடைவெளிகூட இல்லாமல் வெயிலில் கிடக்கும் பைப்புக்கு, காற்றின் வெப்பத்தோடு இன்னும் 33 டிகிரி சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று இருக்கிறது. நம் சித்திரை வெயில் 40 டிகிரி என்று வையுங்கள், பைப்புக்குள் 73 ஆகிறது. நாம் கடையில் வாங்கும் சாதாரண பிவிசி வயர் தாங்கும் உச்ச வெப்பமே 70 டிகிரிதான். கரண்டு ஓடாமலே வயர் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதே பைப்பை நாலு விரல் உயரத்துக் கான்கிரீட் துண்டுகள் மேல் தூக்கிவைத்தால், அடியில் காற்று ஓடும், மழைநீரும் தேங்காமல் ஓடும். இந்த வேலைக்கு ஆகும் செலவு ஒரு வேளை பிரியாணிக் காசு. அதைத்தான் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

பிவிசி நீளும், சுருங்கும். 10 மீட்டர் பைப் காலைக்கும் உச்சிக்கும் இடையே 30 டிகிரி சூடானால் சுமார் 2 சென்டிமீட்டர் நீளும். இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஜாயிண்டில் தெறிக்கும். நீளமான ஓட்டத்தில் விரிவுக்கு இடம் தரும் இணைப்பு வைக்கச் சொல்லுங்கள். ஐஎஸ் 9537 முத்திரை இல்லாத மலிவு பைப் வேண்டாம். ஜிஐ பைப் போட்டால் வெயிலைத் தாங்கும், ஆனால் அதற்கு எர்த் இணைப்பு கட்டாயம். எர்த் இல்லாத இரும்புப் பைப்பில் உள்ளே வயர் தோல் உரிந்தால் மாடி முழுக்க நீளும் கரண்டு கம்பியாகிவிடும்.

அடுத்தது மழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தது. அப்படிப்பட்ட நாளில் வடிகால் துளை அடைத்த மாடி குளமாகிறது, டேப் சுற்றிய ஜாயிண்ட் அந்தக் குளத்துக்குள் கிடக்கிறது. "எம்சிபி போட்டிருக்கோம், ட்ரிப் ஆயிடும்" என்பார்கள். ஆகாது. எம்சிபி விழுவது அதிக லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும். ஈரத்தின் வழியே ஆளைக் கொல்லும் அளவு கரண்டு கசிந்தாலும் அதற்குத் தெரியாது. கசிவைக் கண்டு நிறுத்துவது ஆர்சிசிபி. ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் வகை வேண்டும். மறுபடி சொல்கிறேன், எம்சிபி வேறு, ஆர்சிசிபி வேறு. உங்கள் போர்டில் டெஸ்ட் பட்டன் உள்ள பெட்டி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

வேலையை யாரிடம் கொடுப்பது? அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம். நம் ஊரைச் சுற்றி எல்லை தாண்டினால் தமிழ்நாடு என்பதால் அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். அவர்களுடைய உரிமம் புதுச்சேரியில் செல்லுபடியாகுமா என்று மின்துறையின் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். வேலை முடிந்ததும் வேலை முடிவுச் சான்றும் இன்சுலேஷன், எர்த் சோதனை அறிக்கையும் கையெழுத்தோடு வாங்குங்கள். காசு கொடுக்கும் முன் வாங்குங்கள், பின்னால் கேட்டால் வராது. வாடகைக் கடையென்றால் மாடி வயரிங் யார் பராமரிப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கம் இருக்கிறது. பின்னால் வீடு, முன்னால் கடை. வீட்டு மீட்டரிலிருந்து மாடி வழியாகப் பைப் இழுத்துக் கடைக்குக் கரண்டு. வீட்டுக் கட்டணம் குறைவு என்ற கணக்கு. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126 இதை அனுமதியற்ற பயன்பாடு என்கிறது. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் கடந்த 12 மாதத்துக்கு, உரிய கட்டணத்தின் இரு மடங்கு போடுவார்கள். தற்காலிக மதிப்பீடு வந்ததும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். இறுதி உத்தரவு வந்தால் 127-இன் கீழ் 30 நாளுக்குள், பாதித் தொகையைக் கட்டி மேல்முறையீடு செய்யலாம். பலர் லைன்மேனிடம் கெஞ்சியே அந்த 30 நாளைக் கழிக்கிறார்கள்.

கட்டடத்தை ஒட்டி மேல்நிலைக் கம்பி போனால் மாடியில் பைப்பைத் தூக்கி நிறுத்துவதே ஆபத்து. தாழ்வழுத்தக் கம்பி கட்டடத்தின் உச்சியிலிருந்து 2.5 மீட்டர் உயரத்திலும், பக்கவாட்டில் 1.2 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பிக்கு உயரம் 3.7 மீட்டர், பக்கவாட்டில் அதே 1.2. கம்பி முதலில் வந்து கட்டடம் பிறகு எழுந்திருந்தால் இடம் மாற்றும் செலவு உங்களுடையது. ஆனால் தாழ்ந்து தொங்குவதும் புயலில் சாய்ந்ததும் துறையின் வேலை.

அதற்கு 1912 என்ற புகார் எண்ணில் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். போனில் சொன்ன புகாருக்கு உங்கள் கையில் சாட்சி எதுவும் மிஞ்சாது. இளநிலைப் பொறியாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: பில்லில் உள்ள நுகர்வோர் எண், கம்ப எண், மாடிக்கும் கம்பிக்கும் உள்ள தூரம், தேதியோடு படம். இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். நகல் ஒன்றை நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையிலுள்ள தலைமை அலுவலகத்துக்கும் போடுங்கள். பதில் இல்லையென்றால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். வக்கீல் தேவையில்லை. மன்றமும் கைவிட்டால், கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் குருகிராமில் இருக்கும் மின் குறைதீர்ப்பாளரிடம் எழுதலாம். மன்றத்தின் உத்தரவிலிருந்து ஒரு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

கவனியுங்கள்: பிரிவு 126 விவகாரத்தையும் விபத்தையும் அந்த மன்றம் எடுக்காது. இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் தவறான கதவைத் தட்டுகிறவர்கள் உண்டு. விபத்துக்குப் பிரிவு 161, விசாரிப்பவர் அரசின் மின் ஆய்வாளர். உயிரிழப்பென்றால் 24 மணி நேரத்துக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும். துறை அனுப்பும் என்று காத்திருக்காமல் குடும்பமும் ஒரு கடிதம் கொடுக்கட்டும். பாகூர் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, மின் ஆய்வாளர் அறிக்கை ஆகிய மூன்றும் கையில் இருந்தால்தான் இழப்பீட்டு வழக்கு நிற்கும். மின் ஆய்வாளர் அறிக்கை தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அறுந்த வயரையும் உடைந்த பைப்பையும் மின் ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை யாரும் தொட வேண்டாம். மெயினை அணைத்து, படம் எடுத்து, அப்படியே விடுங்கள். மறுநாளே "சுத்தம் பண்ணிட்டோம்" என்று சாட்சியை அள்ளிக் கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

துறையின் கம்பியால் சாவு நேர்ந்தால் அலட்சியத்தை நிரூபிக்காமலே துறை பொறுப்பேற்க வேண்டும் என்று 2002-இல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மாடிப் பைப்பால் கூலியாள் இறந்தால் அந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கேடயமாகாது. அலட்சியச் சாவுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 106-இல் ஐந்தாண்டு வரை சிறை, கூடவே தொழிலாளர் இழப்பீடும் கட்ட வேண்டிவரும்.

சோலார் போட நினைக்கும் கடைக்காரர்களுக்கு: 78,000 ரூபாய் வரை மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வீடுகளுக்கு மட்டும். கடை மாடிக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பேனலிலிருந்து வரும் டிசி வயருக்குத் தனிப் பைப், சூரிய மின்னுக்கென்றே வரும் ஐஎஸ் 17293 கேபிள். வீட்டு வயரை அதில் நுழைக்காதீர்கள்; டிசி மின்சாரத்தில் பொறி பிடித்தால், ஏசி மின்சாரத்தில் போலச் சட்டென்று அணையாது.

ஐப்பசி மழைக்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். வடிகால் துளையைத் திறந்துவிடுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது விழவில்லையென்றால் ஆள் வந்து மாற்றும்வரை மாடிக்குப் போகும் இணைப்பை அணைத்தே வையுங்கள்.